நான்குவழிச் சாலைக்கும் வாழைத்தோட்டத்துக்கும் ஒரே பைக்: எதை எடுக்கலாம்?

நாங்குநேரிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். பைக் மாற்றலாம் என்று இருக்கிறேன், யோசனை வேண்டும்.

தினமும் நாங்குநேரியிலிருந்து பாளையங்கோட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். ஒரு வழி முப்பது கிலோமீட்டர் போல வரும், பெரும்பாலும் நான்குவழிச் சாலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் களக்காடு பக்கம் வாழைத்தோட்டம். தார்ரோட்டை விட்டு இறங்கினால் கால்வாய்க் கரை, அப்புறம் சரள், கடைசியில் டிராக்டர் போன தடம். ஐப்பசி கார்த்திகையில் அந்தத் தடமும் இருக்காது. இப்போது இருப்பது 125 சிசி வண்டி. கரையில் ஏறி இறங்கும்போதெல்லாம் இன்ஜின் அடி தட்டுகிறது.

உயரம் 5 அடி 5 அங்குலம். ஆன்ரோடு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அம்மா அவ்வப்போது பின்னால் ஏறுவார்கள். ஆஸ்பத்திரி, கோயில், கல்யாண வீடு.

மனதில் இருப்பவை: ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210, கவாசாகி கேஎல்எக்ஸ் 230, சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ், செகண்ட் ஹேண்டில் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. நம்ம ஊர் மண்ணில் ஓட்டியவர்கள் சொல்லுங்கள். லடாக்கில் ஓட்டிக் காட்டும் வீடியோ எல்லாம் பார்த்தாயிற்று.

தேரிக்காட்டான்

டிவிஎஸ் எக்ஸெல் வாங்குங்கள். இந்த விவாத இழையைப் பூட்டிவிடலாம்.

தேரிக்காட்டான்

சிரிக்காதீர்கள், பாதி நிஜமாகத்தான் சொல்கிறேன். திசையன்விளை பக்கம் தேரி (செம்மணல் மேடு) ஓரத்துப் பனங்காட்டில் பதநீர் கேனைக் கட்டிக்கொண்டு எக்ஸெல் போகிற இடத்தில் இரண்டு லட்ச ரூபாய் வண்டி மணலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். காரணம் ஒன்றுதான்: எடை தொண்ணூறு கிலோவுக்கும் குறைவு. சிக்கினால் இறங்கித் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். நான்குவழிச் சாலையில் தினமும் அறுபது கிலோமீட்டர் எக்ஸெல்லில் முடியாது, அது வேறு கதை.

பாளை ஸ்பேனர்

தம்பி, தேரிக்காட்டான் விளையாட்டாகச் சொன்னாலும் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். முதலில் எடை, அடுத்து சீட் உயரம், அதற்கப்புறம்தான் சிசி.

கேஎல்எக்ஸ் 230: 139 கிலோ, சீட் 880 மி.மீ. எக்ஸ்பல்ஸ் 210: 170 கிலோவை ஒட்டி வரும், சீட் 830. வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ்: 167 கிலோ, சீட் 835. பழைய ஹிமாலயன்: 199 கிலோ, ஆனால் சீட் 800தான். உட்கார எளிதான வண்டிதான் தூக்கக் கஷ்டமான வண்டி, பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்குவழிச் சாலையில் இந்த எடை வித்தியாசம் தெரியாது. கனமான வண்டி நன்றாகவே நிற்கும். கால்வாய்க் கரையில் ஒற்றை ஆளாகப் போய், பின்சக்கரம் வழுக்கி வண்டி படுத்துக்கொண்டால்தான் 139க்கும் 199க்கும் உள்ள தூரம் புரியும். அதனால் வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். நண்பர் யாரிடமாவது அந்த மாடல் இருந்தால், புல்தரையில் மெதுவாகப் படுக்க வைத்து நீங்களே தூக்கிப் பாருங்கள். முறை இதுதான்: கியரில் போட்டுவிடுங்கள், வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே வெளியே இழுத்துவிடுங்கள். ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பி, சீட்டுக்கு முதுகைக் கொடுத்து, முழங்காலை மடக்கி, காலால் எழும்புங்கள். இடுப்பை வளைத்து இழுத்தால் வண்டி எழும்பாது, நீங்கள்தான் படுப்பீர்கள்.

இன்னொன்று, யாரும் பேசாத விஷயம். நம்ம ஊரில் டயருக்கு எமன் கல்லும் இல்லை, பள்ளமும் இல்லை. முள். உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் இல்லாத கரை எங்கே இருக்கிறது? எக்ஸ்பல்ஸ், கேஎல்எக்ஸ், பழைய ஹிமாலயன் மூன்றும் கம்பி ரிம், உள்ளே டியூப். முள் ஏறினால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஒட்ட வேண்டும். வி-ஸ்ட்ராமில் அலாய், டியூப்லெஸ். முள்ளைப் பிடுங்கித் திரியைச் செருகி ஐந்தே நிமிடத்தில் கிளம்பலாம். ஆனால் அதே அலாய் கல்லில் ஓங்கி அடிபட்டால் விளிம்பு மடங்கிக் காற்று நிற்காது. கம்பி ரிம் கோணினால் கோட்டம் எடுத்துக்கொள்ளலாம். புது ஹிமாலயன் 450இல் டியூப்லெஸ் கம்பி ரிம் தருகிறார்கள். நல்ல விஷயம்தான், உங்கள் பட்ஜெட்டில் வராது.

மானூர் கரிசல்

நாங்குநேரித் தம்பிக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது. மானூர், கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கம் இந்த இழையைப் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கரிசலில் வண்டி ஓட்டுவது தனி வித்தை. கோடையில் ஒன்றும் தெரியாது, நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், வெடிப்பில் முன்சக்கரம் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். முதல் மழை விழட்டும், அப்போது பாருங்கள். டயரில் ஒட்டுகிற மண் விழாது. ஒரு சுற்றுக்கு ஒரு அடுக்கு ஏறும். பத்தடி போவதற்குள் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் பிசைந்த மாவு மாதிரி அடைத்துக்கொள்ளும். சாதாரண பைக்கில் முன் மட்கார்டு டயரை ஒட்டி இருக்கிறது இல்லையா, அங்கேதான் முடிந்தது கதை. சக்கரம் சுற்றாது. கிளட்சை விட்டால் பின்சக்கரம் மட்டும் சுற்றும், முன்சக்கரம் சறுக்குப்பலகையாக இழுபடும். இறங்கிக் குச்சியால் நோண்டி எடுக்க வேண்டும். பத்தடி தள்ளி மறுபடியும் நோண்ட வேண்டும்.

எக்ஸ்பல்ஸ் 200இல் கூட மேலே அலகு போல ஒன்று இருந்தாலும் எங்கள் பக்கத்துப் பையன்கள் முதலில் கவனிப்பது டயருக்கு மேலே எவ்வளவு இடைவெளி என்றுதான். நீங்களும் ஷோரூமில் கையை விட்டுப் பாருங்கள். விரல் மட்டும் போனால் அது ரோட்டு வண்டி, முஷ்டி போனால் கரிசல் வண்டி. கேஎல்எக்ஸில் மட்கார்டு உயரத்தில் நிற்கிறது, அந்த விஷயத்தில் அதற்கு முழு மார்க்.

கரிசலில் சிக்காமல் போக ஒரே வழி: மழை விட்ட அன்று போகாமல் இருப்பது.

411 காதலன்

எல்லாரும் ஹிமாலயனை ஓரம் கட்டுகிறீர்கள். 2016இலிருந்து வந்த வண்டி, அதன் குணம் எல்லாருக்கும் தெரியும். 32 நியூட்டன் மீட்டர் டார்க், 15 லிட்டர் டேங்க், அம்மா உட்கார அகலமான சீட். கேஎல்எக்ஸ் டேங்க் 7.6 லிட்டர்தான். லிட்டருக்கு 30 என்று வைத்தாலும் 220 சொச்சம் கிலோமீட்டரில் பங்க் தேட வேண்டும். தம்பி வாரத்தில் ஆறு நாள் ரோட்டில், ஒரு நாள் தோட்டத்தில். ஒரு நாளுக்காக ஆறு நாளைக் கெடுக்கலாமா?

பாளை ஸ்பேனர்

கணக்கு சரி, ஆள் தப்பு. அவர் ஓட்டுவது மொத்தமே அறுபது கிலோமீட்டர். 15 லிட்டரை ஏன் சுமக்க வேண்டும்? கயத்தாறு தாண்டி மதுரை, கொடைக்கானல் என்று பெட்டி கட்டிக்கொண்டு போகிறவருக்கு 411 தங்கமான வண்டி.

செகண்ட் ஹேண்டில் 411 பார்க்கிறீர்கள் என்றால்: ஹேண்டில்பார் கழுத்தில் பேரிங் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தூக்கிய நிலையில் ஹேண்டிலை மெல்ல இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போலக் கையில் தட்டுப்பட்டால் பேரிங் போய்விட்டது. ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கோடு இருந்தால் சீல் அவுட். எந்த அட்வென்ச்சர் வண்டிக்கும் இது பொருந்தும், ஹிமாலயனை மட்டும் குறை சொல்லவில்லை. அப்புறம், மலிவாகக் கிடைக்கிறதே என்று கேஎல்எக்ஸ் 140, கேஎக்ஸ் போன்றவற்றைப் பார்க்காதீர்கள். அவை டிராக்கில் ஓட்டுபவை, ஆர்.சி. கிடையாது, ரோட்டுக்கே வரக்கூடாது.

பணகுடி காற்று

எல்லா அண்ணன்மாரும் டயரையும் டார்க்கையும் பேசிவிட்டீர்கள். நான் இரண்டு விஷயம் சொல்கிறேன்: கால், காற்று.

என் உயரம் 5 அடி 2. ஓட்டுவது எக்ஸ்பல்ஸ் 200 4வி, சீட் 825. இரண்டு காலும் முழுசாகத் தரையில் பதியாது, பதியவும் வேண்டாம். நிற்கும்போது இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி இடது காலை ஊன்றினால் போதும், வலது கால் பின்பிரேக்கில் இருக்கும். பழக வேண்டியது எந்தப் பக்கம் தரை மேடாக இருக்கிறது என்று நிறுத்துமுன் பார்ப்பதுதான். கால்வாய்க் கரையில் தண்ணீர்ப் பக்கம் காலை நீட்டினால் கால் எட்டாது, வண்டியோடு மடைக்குள்தான் போக வேண்டும். ஸ்பெக் தாளில் இருக்கும் சீட் உயரத்தை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். மென்மையான சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் நாம் ஏறியதும் நன்றாக அமுங்கும். சீட் முன்பக்கம் ஒடுக்கமாக இருந்தாலும் கால் எளிதாக இறங்கும். கேஎல்எக்ஸ் 880 என்று படிக்கும்போது இருந்த பயம் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு இல்லை. ஆனால் உயரத்தைக் குறைக்கிறேன் என்று பின் சஸ்பென்ஷன் லிங்க்கை மாற்றுகிற வேலை மட்டும் வேண்டாம். தரை இடைவெளிக்குத்தானே இந்த வண்டியையே வாங்குகிறோம்?

ஒரு எச்சரிக்கை: எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோ என்று ஒன்று பழையதில் வரும், சீட் 891. பெயரில் ஏமாறாதீர்கள்.

அடுத்தது காற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்று பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சும்மாவா அத்தனை காற்றாலை நட்டு வைத்தார்கள். உயரமான, எடை குறைந்த வண்டி, 21 அங்குல முன்சக்கரம், உயரத்தில் மட்கார்டு. இத்தனையும் காற்றுக்குக் கைப்பிடி. லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று நின்றுவிடும், முகப்பைத் தாண்டிய கணமே பக்கவாட்டில் வந்து அறையும். அதற்காக ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் அதிகமாகும். முழங்காலால் டேங்கைக் கவ்விக்கொண்டு கையைத் தளர்வாக விடுங்கள். 70க்கு மேல் அந்தச் சீசனில் அந்த இடத்தில் நான் போவதில்லை. நாங்குநேரிக்கு வடக்கே இவ்வளவு இருக்காது என்றாலும் கேஎல்எக்ஸ் எடுத்தால் காற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவைப் பற்றி யாரும் கேட்கவில்லையே! சேலை கட்டிக்கொண்டு ஒருக்களித்து உட்காருவார்களா? 880 மி.மீ. சீட்டுக்குப் பின்னால், அதைவிட உயரமான, ஒடுக்கமான பில்லியனில் எப்படி ஏறுவார்கள்? சேலை கார்டு, கால்மிதி, பிடிமானக் கம்பி மூன்றையும் பார்த்துவிட்டு, அம்மாவையே ஷோரூமுக்குக் கூட்டிப்போய் ஏற்றிப் பாருங்கள். என் மாமியார் எக்ஸ்பல்ஸில் ஏற வீட்டுத் திண்ணைப் பக்கம் வண்டியை அணைக்கச் சொல்வார்.

நாங்குநேரிக்காரன்

அக்கா, அதை யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் திண்ணை இல்லை, படிதான் இருக்கிறது.

தேரிக்காட்டான்

மணல் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, என் பெயருக்காவது சொல்லிவிடுகிறேன். தேரியில் முன்சக்கரத்தைத் திருப்பிப் பாதை மாற்ற முடியாது, திருப்பினால் புதையும். எடையைப் பின்னால் தள்ளி, எழுந்து நின்று, இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை விடாமல் போக வேண்டும். பயந்து மூடினால் முன்பக்கம் குத்தும். காற்றைக் குறைத்தால் டயர் பரந்து மிதக்கும். டியூப் வண்டியில் 18 பிஎஸ்ஐக்குக் கீழே இறக்க வேண்டாம், கல்லோ வேரோ தட்டினால் ரிம் டியூபைக் கடித்துவிடும். வெளியே வந்ததும் மறக்காமல் ஏற்றுங்கள். செம்மணல் செயினைத் தின்றுவிடும், ஏர் ஃபில்டரையும்தான்.

குதிரைமொழித் தேரி காப்புக்காடு. வீடியோ எடுக்கிறேன் என்று உள்ளே புகுந்து வனத்துறையிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். பட்டா விளையில், சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுப் பழகுங்கள்.

கடையம் மேற்கு

இதையே மேற்குப் பக்கமும் சொல்ல வேண்டும். ரோட்டிலும் மண்ணிலும் ஓடுகிற டூயல் ஸ்போர்ட் வண்டி வாங்கியதும் எல்லாருக்கும் மாஞ்சோலை, திருக்குறுங்குடி நம்பி கோயில் பாதை என்று கை அரிக்கும். 1988இலிருந்து களக்காடு, முண்டந்துறை இரண்டும் சேர்ந்த புலிகள் காப்பகம். பாபநாசத்தில் செக்போஸ்ட், மணிமுத்தாறில் செக்போஸ்ட். அனுமதி இல்லாமல் ஏறக்கூடாது, அனுமதி கிடைத்தாலும் பாதையை விட்டு இறங்கக்கூடாது. பொத்தை (சிறு பாறைக்குன்று) ஏறிப் பழக வேண்டுமானால் ஊருக்கு ஊர் பொத்தை இருக்கிறது.

மானூர் கரிசல்

ஏபிஎஸ் பற்றிக் கேட்க நினைத்தேன். சரிவில் இறங்கும்போது பின்பிரேக் அழுத்தினால் டக் டக் என்று விட்டு விட்டுப் பிடிக்கிறது, வண்டி நிற்காமல் இறங்கிக்கொண்டே போகிறது. அணைத்து வைக்கலாமா?

பாளை ஸ்பேனர்

அண்ணாச்சி, அது ஏபிஎஸ்ஸின் குணம். சக்கரம் பூட்டிக்கொண்டால் உடனே விடும். தாரில் அதுதான் உயிர் காக்கும். உதிரி மண்ணில் சக்கரம் கொஞ்சம் பூட்டி, முன்னால் மண்ணைக் குவித்தால்தான் வண்டி நிற்கும். ஏபிஎஸ் அதற்கு விடாது. பின்சக்கரத்துக்கு மட்டும் அணைக்கும் வசதி உள்ள வண்டி என்றால் மண்ணில் அணைத்துவிட்டு, ரோட்டுக்கு ஏறும்போது போட்டுக்கொள்ளுங்கள். முன்சக்கர ஏபிஎஸ்ஸைத் தொடவே வேண்டாம்.

மழைக்காலம் என்பதால் இன்னொன்று. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு பட்டறைக்கு வந்த வண்டிகளில் நிறைய, தண்ணீரில் மூழ்கியதால் கெடவில்லை. தண்ணீர் வடிந்ததும் செல்ஃபை அமுக்கியதால் கெட்டவை. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயில் மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். ஏர் ஃபில்டர் மூச்சு வாங்கும் துளை எந்த உயரத்தில் இருக்கிறது என்று வாங்கும்போதே பார்த்து வையுங்கள். கால்வாயில் இறங்கலாமா வேண்டாமா என்று அதுதான் சொல்லும்.

411 காதலன்

விலையையும் சொல்லிவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28இலிருந்து 18 ஆகிவிட்டது. அதற்கு மேல் 40. புது ஹிமாலயன் கைக்கு எட்டாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். கேஎல்எக்ஸ் 2024 டிசம்பரில் வந்தபோது 3.30 லட்சம், யாரும் சீண்டவில்லை. இப்போது 2 லட்சத்துக்குக் கீழே வந்த பிறகுதான் இந்தப் பேச்சே வருகிறது.

நாங்குநேரிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. மூன்று வண்டியும் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

வி-ஸ்ட்ராம் ரோட்டில் அருமை. நான்குவழிச் சாலையில் 90இல் இன்ஜின் சத்தமே போடவில்லை. ஆனால் 19 அங்குல முன்சக்கரமும் ரோட்டு டயரும் எங்கள் கரைச் சரளில் மிதந்தன, பட்ஜெட்டும் இடித்தது. கேஎல்எக்ஸை ஓட்டிவிட்டு இறங்க மனசே வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். வரப்பு மேட்டில் முன்சக்கரம் ஏறி இறங்கியதே கைக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கூட்டிப்போனேன். ஒரு காலைக் கால்மிதியில் வைத்தார்கள், சீட்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "நீ போயிட்டு வா, நான் பஸ்ஸில் வாரேன்" என்றார்கள். அத்தோடு சரி.

எக்ஸ்பல்ஸ் 210 புக் பண்ணியிருக்கிறேன். நண்பன் வண்டியைப் படுக்க வைத்துத் தூக்கினேன். முதல் தடவை எழும்பவில்லை, ஸ்பேனர் அண்ணாச்சி சொன்ன மாதிரி முதுகைக் கொடுத்ததும் எழும்பிவிட்டது. ஆறாவது கியர் இருப்பதால் ரோட்டிலும் 80, 85இல் நிம்மதியாக ஓடுகிறது. அம்மா படியிலிருந்து ஏறிக்கொள்கிறார்கள்.

ஒரே கேள்வி: டெலிவரி எடுத்ததும் பட்டன் டயர் (மண்ணுக்கான கட்டை கட்டையான டயர்) போட்டுவிடவா?

பாளை ஸ்பேனர்

வேண்டாம் தம்பி. கூட வருகிற டயரைத் தேயும் வரை ஓட்டுங்கள். பெரிய பட்டன் டயர் நான்குவழிச் சாலையில் ஊளையிடும், சீக்கிரம் தேயும், மழையில் தாரில் பிரேக் பிடித்தால் வழுக்கும். தினம் அறுபது கிலோமீட்டர் ரோட்டில் போகிறவருக்கு அது வீண்.

அந்தப் பணத்தில் இவற்றை வாங்குங்கள்: இன்ஜினுக்கு அடியில் உலோகத் தட்டு, கைக்கு கார்டு, டயர் கழற்ற இரண்டு லீவர், கையடிப் பம்பு, ஒரு 21 அங்குல டியூப். முன்டியூப் ஒன்று போதும். பின்சக்கரம் 18 அங்குலம்தான், ஆனால் அவசரத்துக்கு அதற்குள்ளும் முன்டியூபை மடித்து நுழைத்து வீடு வந்து சேரலாம். வண்டி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குக் கொண்டு வாருங்கள், சக்கரம் கழற்றி டியூப் மாற்றுவதை உங்கள் கையாலேயே செய்து பார்த்துவிட்டுப் போங்கள். மதியத்துக்கு மேல் வாருங்கள், காலையில் கூட்டமாக இருக்கும்.

பணகுடி காற்று

அண்ணாச்சி, அந்த ஞாயிறு நானும் வரலாமா? பின்சக்கரம் கழற்றத் தெரியும், டயரை ரிம்மை விட்டு எடுப்பதில்தான் தகராறு.

பாளை ஸ்பேனர்

தாராளமாக வாங்கம்மா. பழைய டியூப் இருந்தால் கொண்டு வாருங்கள், ஒட்டிப் பழக ஆகும்.